அரைக் கரண்டி ஈஸ்ட்

அத்தியாயம் 14

போன அத்தியாயத்தில் ஃபோனில் அம்மா பேசியது மொத்தமே இரண்டு வாக்கியம். "நாளைக்குக் காலையில வந்துடு. விருந்துக்கு ரொட்டி சுடணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அந்த இரண்டு வாக்கியத்தின் மேல் கடுகு பெரிய மனக்கோட்டையே கட்டினாள். இரண்டு வருடமாகப் பேசாத அம்மா பேசிவிட்டாள். வா என்று சொல்லிவிட்டாள். அதுவும் வருடக் கடைசி விடுமுறை விருந்துக்கு. வெள்ளத்தில் போகிறவளுக்குத் துரும்பும் தெப்பம்தான். கடுகுக்குக் கிடைத்தது துரும்பை விடக் கொஞ்சம் பெரியது, ஒரு ரொட்டி.

கடுகு என்பது வீட்டுப் பெயர். ஆள் குள்ளம், வாய் காரம் என்று சின்ன வயதில் அண்ணன் வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் உட்கார வைப்பது அவள் வேலை. ஊருக்கெல்லாம் பார்வையைத் திருத்திக் கொடுப்பவளுக்குச் சொந்த வீட்டு விஷயத்தில் மட்டும் கிட்டப்பார்வை.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்கு அவள் செய்த குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா அம்மா குடியிருக்கும் அடுக்குமாடியில் மாதாமாதம் லிஃப்டைச் சரிபார்க்க வருகிற மெக்கானிக்கை. அவன் ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி, கோர்ட்டில் பிரிந்தவன். அந்தக் கோர்ட்டில் அவனைக் கூண்டில் நிற்க வைத்துச் சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுத்த குமாஸ்தா வேறு யாருமில்லை, கடுகின் அப்பா. உலகம் சின்னது என்பார்கள். இவ்வளவு சின்னதாக இருக்க வேண்டியதில்லை.

மகள் வீட்டை விட்டுப் போன அன்றிலிருந்து அப்பா லிஃப்டில் ஏறுவதில்லை. நாலு மாடி, முழங்கால் வலி, கையில் காய்கறிப் பை, எல்லாவற்றோடும் படியேறுகிறார். லிஃப்ட் என்ன பாவம் செய்தது என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் கடுகு. அவள்தான் வெளியே போய்விட்டாளே.

மறுநாள் காலை பஸ் நிறுத்தம் வரை புருஷன் கூட வந்தான்.

"நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். நீ ஒரு ஃபோன் போட்டா வந்துடறேன்."

"சாயங்காலத்துக்குள்ள பேசிடறேன். விருந்துக்கு நீங்களும் இருக்கணும்."

"பேச முடியலேன்னாலும் பரவாயில்ல. சண்டை போட்டுக்கிட்டு மட்டும் வந்துடாதே. உன் வாய் எனக்குத் தெரியும்."

கதவைத் திறந்த அம்மா முதலில் மகளைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"தனியாத்தானே வந்தே?"

"ஆமாம்மா."

"செருப்பை உள்ளே எடுத்து வை."

இந்தக் கட்டடத்தில் செருப்புத் திருட்டு ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது என்று கடுகு நினைத்துக்கொண்டாள். எடுத்து உள்ளே, சமையலறைக் கதவோரம் வைத்தாள்.

ஹாலில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆள் தெரியவில்லை, பேப்பரும் அதன் இரண்டு பக்கமும் விரல்களும் மட்டும் தெரிந்தன. சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கெல்லாம் 'நான் சொல்வது உண்மை' என்று சொல்லிக் கொடுத்தே தலை நரைத்த மனிதர். பொய் பேச மாட்டார். அந்த வீட்டில் எல்லோருக்கும் அதில் பெருமை, எல்லோருக்கும் அதில் பயம்.

"அப்பா" என்றாள் கடுகு.

பேப்பர் ஒரு பக்கம் திரும்பியது.

சரி, ஒரேயடியாக எல்லாம் நடந்துவிடுமா என்று தேற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே எல்லாம் தயாராக இருந்தது. மைதா, வெண்ணெய், முட்டை, பால், ஆரஞ்சுச் சாற்றில் ஊறுகிற உலர்திராட்சை. மூலையில் ஓவன். அப்பா ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. சட்டப் புத்தகத்தையும் பேப்பரையும் தவிர வேறெதையும் தொடாத மனிதருக்கு ஓவன் கொடுத்த புத்திசாலி யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு வருடம் பழைய துணி போட்டு மூடியே கிடந்தது. கடுகுதான் அதை வசப்படுத்தினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கருகியது, வேகாதது, நடுவில் குழி விழுந்தது என்று வரிசையாகக் கெடுத்து, கடைசியில் அந்தப் பின்னல் ரொட்டி அவள் கைக்கு வந்தது. அதன்பிறகு அது இல்லாமல் வருடக் கடைசி விருந்தே இல்லை என்றாகிவிட்டது.

அவள் போன முதல் வருடம் அம்மா தானே முயன்று பார்த்தாள். ரொட்டியில் கத்தி இறங்கவில்லை, கத்திதான் வளைந்தது. அடுத்த வருடம் பேக்கரியில் வாங்கி, உறையைக் கிழித்துக் குப்பையில் அமுக்கிவிட்டுத் தட்டில் வைத்தார்கள். பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி வழியாக இதெல்லாம் கடுகின் காதுக்கு வந்திருந்தது. கேட்டபோது சிரித்தாள், சிரித்துவிட்டு அழுதாள்.

பாலை அடுப்பில் வைத்து, விரலை விட்டால் சுடாத சூட்டில் இறக்கினாள். சர்க்கரை போட்டாள். ஈஸ்ட் பாட்டிலைத் திறந்து வழக்கம்போல ஒரு கரண்டி எடுத்தாள்.

எடுத்தவள் நின்றாள்.

ஒரு கரண்டி போட்டால் மாவு சுறுசுறுப்பாகப் பொங்கிவிடும். மத்தியானத்துக்குக் கொஞ்சம் பிந்தி ரொட்டி வெந்துவிடும். ரொட்டி வெந்துவிட்டால் வந்த வேலை முடிந்துவிடும். அப்புறம் என்ன காரணம் சொல்லி இந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது? அப்பா அந்தப் பேப்பரை முடிக்கவே இன்னும் எவ்வளவு நேரம் ஆகுமோ?

கரண்டியைத் தட்டிப் பாதியைப் பாட்டிலுக்கே திருப்பினாள். அரைக் கரண்டி போட்டால் மாவு நிதானமாக எழும்பும். ருசிகூடக் கூடும் என்பார்கள். ஆனால் கடுகு ருசிக்காகக் குறைக்கவில்லை. அம்மா வீட்டில் கொஞ்ச நேரம் கூட இருக்க வேண்டும், அதற்காகக் குறைத்தாள். முள்கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா இதைக் கவனிக்கவில்லை.

மாவைப் பிசைய ஆரம்பித்தாள். முதலில் கையெல்லாம் ஒட்டி மானத்தை வாங்கும். வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மேடையில் அறைந்து, இழுத்து, மடித்து, மறுபடி அறைந்தால் ஒரு கட்டத்தில் முரண்டு பிடிப்பதை விட்டுவிட்டுச் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரு துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். கிழியாமல் மெல்லிய சவ்வு மாதிரி நின்றது.

"இளைச்சுட்டே" என்றாள் அம்மா, மாவைப் பார்த்துக்கொண்டே.

"அப்படியெல்லாம் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். அவர் வந்து..."

"அந்தப் பேச்சு இப்ப வேணாம். கைவேலையைப் பாரு."

இப்ப வேணாம் என்றாள். வேணவே வேணாம் என்று சொல்லவில்லை. கடுகு அந்த 'இப்ப'வைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நாலு மணிக்குள்ள ஆயிடும்ல?"

"மாவு மனசு வைக்கணும்மா."

"மாவுக்கு ஏது மனசு. நீ வை."

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "வந்துட்டியா கடுகு. நீ கால் வச்சதும் வீடே மணக்குது."

"இன்னும் ஓவனே மூட்டல. அதுக்குள்ள என்ன மணம்? உன் சோப்பு வாசனையா இருக்கும். என்ன, இவ்வளவு அமர்க்களமா குளிச்சிருக்கே?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மாதான் சொன்னாள். "இன்னிக்கு இவனோட மேனேஜர் குடும்பத்தோட சாப்பிட வர்றார். அவரோட பொண்ணை இவனுக்குப் பேசி முடிக்கறதா இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி இவன் ஆபீசுக்கு ரொட்டி கொண்டு போனானே, அதை அவர் இன்னும் மறக்கலையாம். உங்க வீட்டு ரொட்டி இருந்தா வர்றேன்னு வேடிக்கையா சொல்லியிருக்கார்."

கடுகுக்கு மனசு நிறைந்துவிட்டது. அண்ணன் கல்யாணப் பேச்சு. அந்த நாளில் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரொட்டி சுட ஆள் இல்லாமல் கூப்பிடவில்லை, வீட்டு ஆளாக வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அண்ணனுக்கு மாப்பிள்ளைக் களை வந்தாச்சு" என்று மாவுக் கையால் அவன் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தாள். அவன் சிரித்தான். ஆனால் சட்டென்று நகர்ந்துவிட்டான்.

மத்தியானம் சாப்பாட்டை அம்மா சமையலறைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "மாவைப் பார்த்துக்கிட்டே சாப்பிடு" என்றாள். மாவு துணியை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா பத்து தடவை வந்து துணியைத் தூக்கிப் பார்த்திருப்பாள்.

"ஏண்டி, இன்னும் எழும்பவே இல்ல?"

"திறந்து திறந்து பார்த்தா எப்படிம்மா எழும்பும்? வரும். நல்லா வரும்."

அம்மா போன சிறிது நேரத்தில் அப்பா வந்தார், தண்ணீர் குடிக்க. கடுகு சுவரோடு ஒட்டி வழி விட்டாள். அவர் டம்ளரை எடுத்து, குடித்து, கவிழ்த்து வைத்தார். போகிறவர் நின்று, ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொன்னார்.

"ஜன்னல் திறந்து கிடக்கு. குளிர்காத்து பட்டா மாவு எழும்பாதுன்னு இந்த வீட்ல யாருக்கும் தெரியாது போல."

ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

குளிர்காற்று பட்டால் மாவு எழும்பாது என்று எப்போதோ அவருக்குச் சொன்னதே கடுகுதான். முதல் ரொட்டி கெட்ட அன்று, இதே இடத்தில் நின்றுகொண்டு. அவர் மறக்கவில்லை. ஒரு ஜன்னலைச் சாத்தியதற்காக ஒருத்தி அழுவாளா? கடுகு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் கையைக் கழுவிவிட்டு, புருஷனுக்குச் செய்தி அனுப்பினாள். 'நீலச் சட்டையைப் போட்டுக்கோங்க. நான் சொன்னதும் கிளம்பணும்.'

மாவு கடைசியில் எழும்பியது, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி, தொட்டால் நடுங்குகிற மாதிரி. காற்றை அமுக்கி வெளியேற்றி, திராட்சையைச் சேர்த்து, நீளமாக உருட்டிப் பின்னினாள். பின்னலை வளைத்து வட்டமாக்கி, முனையும் முனையும் தெரியாமல் கிள்ளி ஒட்டினாள். மறுபடி அது எழும்பக் காத்திருந்து, மேலே முட்டை மஞ்சள்கரு பூசி ஓவனுக்குள் தள்ளியபோது, அம்மா சொன்ன நாலு மணி வந்து போயிருந்தது.

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "இனிமேதான் வேகணுமா?"

"அவங்க வர்றதுக்குள்ள வெந்துடும்மா. ஏன் இப்படித் தவிக்கறே? நான் மேஜை போடறேன், நீ போய்ப் புடவை மாத்து."

மேஜையில் ஆறு தட்டு இருந்தது. அப்பா, அம்மா, அண்ணன். மேனேஜர், அவர் மனைவி, மகள். அம்மா அவசரத்தில் எண்ணிக்கையைக் கோட்டை விட்டுவிட்டாள் என்று கடுகுக்குச் சிரிப்பு வந்தது. அலமாரியிலிருந்து ஏழாவது தட்டை எடுத்தாள். ஒரு நொடி யோசித்து எட்டாவதையும் எடுத்தாள். இரண்டையும் மேஜையின் கோடியில் வைத்து, உள்ளறையிலிருந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

அண்ணன் வந்து அந்த இரண்டு தட்டையும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி எடுத்தான்.

"கடுகு, ஒரு நிமிஷம் இங்க வா."

பால்கனிக்குக் கூட்டிப் போனான். அங்கே துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு போர்வைக்குப் பின்னால் நிறுத்தி வைத்துத்தான் பேசினான்.

"அவங்ககிட்ட உன்னைப் பத்தி... எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, வெளிநாட்ல வேலை பார்க்கறான்னு சொல்லி வச்சிருக்கோம்."

கடுகுக்கு முதலில் புரியவில்லை. "என்னையா?"

"வேற யாரை? அவங்க குடும்பம் கொஞ்சம் அப்படி. கட்டிப் பிரிஞ்சவன், அதுவும் லிஃப்ட் மெக்கானிக், ஓடிப்போய்க் கல்யாணம், இதெல்லாம் தெரிஞ்சா பேச்சு நின்னுடும்."

"நான் ஓடல. எல்லாரும் பார்க்கத்தான் படி இறங்கிப் போனேன்."

"சரி, கத்தாதே."

"யாரு சொன்னது? வெளிநாடுன்னு?"

"நான்தான். அம்மாவும் ஆமான்னாங்க."

"அப்பா?"

"அப்பா ஒண்ணும் சொல்லல. அவர்தான் பொய் சொல்ல மாட்டாரே."

"அப்ப என்னை எதுக்குடா கூப்பிட்டீங்க?"

அண்ணன் போர்வையின் மடிப்பை இழுத்துச் சரி செய்தான். அவன் கண் மட்டும் ஒருமுறை சமையலறைப் பக்கம் போய் வந்தது. ரொட்டி வாசனை அப்போதுதான் மெல்லக் கிளம்பிக்கொண்டிருந்தது.

அம்மா புதுப் புடவையோடு வந்து நின்றாள். குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள். "அவன் வாழ்க்கைடி. முதல்ல நிச்சயம் ஆகட்டும். அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம். நாலு மணிக்கு நீ முடிச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. ரொட்டி வெந்ததும் கிளம்பிடு. லிஃப்ட்ல போகாதே, அவங்க ஏறி வந்தா எதிர்ல பார்த்துடுவாங்க. படியில இறங்கிப் போயிடு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே பெற்ற பெண்ணையே மறைத்திருந்தார்கள், அதுவும் அவளையே சமைக்க விட்டு. காலையில் செருப்பை ஏன் உள்ளே வைக்கச் சொன்னாள் என்பது கடுகுக்கு இப்போது விளங்கியது. மணத்துக்குக் கிள்ளிப் போட்டு, பந்தியில் எடுத்து ஒதுக்குகிற கறிவேப்பிலைதான் அவள். பெயர் மட்டும் கடுகு.

ஏப்ரனை அவிழ்த்தாள். அப்படியே போய்விடலாம். ரொட்டியை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. மேலே சிவந்ததும் எடுத்தால் உள்ளே மாவாக இருக்கும். விட்டுவிட்டால் கரி. கருகட்டும், அவர்கள் மானமும் சேர்ந்து கருகட்டும் என்று கதவு வரைக்கும் போனாள்.

போனவள் திரும்பி வந்தாள். அவர்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல. காலையிலிருந்து பிசைந்து, காத்து, பின்னிய மாவு அது. அதைக் கருக விட்டுவிட்டுப் படி இறங்க அவள் கைக்கு முடியவில்லை.

ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். முழுக் கரண்டி ஈஸ்ட் போட்டிருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். தட்டு எண்ணியிருக்க மாட்டாள், போர்வைக்குப் பின்னால் நின்றிருக்க மாட்டாள். அப்பா ஜன்னலைச் சாத்தினார் என்கிற ஒரு சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாள், ஏமாளியாகவே இருந்தாலும். கொஞ்ச நேரம் கூட இருக்க ஆசைப்பட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் கிடைத்ததுதான் இதெல்லாம்.

புருஷனுக்குச் செய்தி அனுப்பினாள். 'இன்னிக்கு வேண்டாம்.'

உடனே பதில் வந்தது. 'சரி. நீ சாப்பிட்டியா?'

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

ஹாலில் வாங்க வாங்க சத்தம். நாற்காலி நகர்கிற சத்தம். கடுகு சமையலறைக் கதவை ஒருக்களித்து விட்டு ஒண்டி நின்றாள். வந்தவர்கள் உட்கார்ந்ததும் நைசாக நழுவிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் வாசனை காட்டிக் கொடுத்துவிட்டது.

"லிஃப்ட்ல இருந்து இறங்கறப்பவே ஆளைத் தூக்குதே" என்று சொல்லிக்கொண்டே மேனேஜரின் மனைவி நேரே சமையலறைக்கு வந்துவிட்டாள். தாராளமான உடம்பு, தாராளமான குரல். பின்னாலேயே அவள் மகள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், அதிகம் பேசாமல் எதையும் உற்றுப் பார்க்கிற பெண். அம்மாவும் அண்ணனும் தடுக்க முடியாமல் ஓடி வந்தார்கள். கடைசியாக அப்பா வந்து வாசற்படியில் நின்றார்.

"இது யாருங்க?" என்றாள் மேனேஜரின் மனைவி.

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அப்பாவைப் பார்த்தாள். கடுகும் அப்பாவைத்தான் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத மனிதர். இந்த ஒரு பழக்கத்துக்காகவே ஊர் முழுக்க மரியாதை வாங்கியவர். சொல்லிவிடுவார் என்று அந்த நொடியிலும் அவள் நம்பினாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரொட்டி சுட வந்தவங்க."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். இரண்டு வருடத்தில் அவர் மகளைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம் அது. மரியாதையாக வேறு, 'வந்தவங்க' என்று. 'வந்த சனியன்' என்று சொல்லியிருந்தால்கூடக் கடுகுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"ஓ, அப்ப இது உங்க கை இல்லையா?" என்றாள் மேனேஜரின் மனைவி, அம்மாவிடம். "எங்க வீட்டுக்காரர் உங்க கைன்னு சொல்லித்தான் புராணம் பாடறார்."

"பிசையறது மட்டும்தாங்க அவ. எனக்கு விரல்ல வலி. பக்குவமெல்லாம் நான் சொல்லிக் குடுத்தது."

கடுகுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சண்டை போட்டுக்கொண்டு வந்துவிடாதே என்று புருஷன் சொன்னதால் பல்லைக் கடித்துக்கொண்டாள். கைத்துணியை எடுத்து, ஓவனைத் திறந்து, தட்டை வெளியே இழுத்தாள். ரொட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை விரலால் தட்டினாள். உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் வந்தது. வெந்திருந்தது. அவள் கையில் இதுவரை வந்ததிலேயே அழகான ரொட்டி. பின்னல் ஒவ்வொன்றும் புடைத்துச் செம்பழுப்பாக மினுங்கியது.

"சூடா ஒரு துண்டு வெட்டுங்களேன்" என்றாள் மேனேஜரின் மனைவி.

அம்மா கத்தியை எடுத்தாள்.

"இப்ப வெட்டக்கூடாது" என்றாள் கடுகு. "சூட்டோட வெட்டினா உள்ளே பிசுபிசுன்னு ஒட்டிக்கும். நல்லா ஆறணும்."

அம்மாவின் கத்தி நின்றது. மேனேஜரின் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாருங்க, உங்க பக்குவத்தை உங்களுக்கே சொல்லித் தருது. கெட்டிக்காரப் பொண்ணு. ஏம்மா, இவ்வளவு பாடுபட்டிருக்கே, இருந்து சாப்பிட்டுட்டுப் போயேன். ஒரு தட்டு கூடப் போட்டா குறைஞ்சா போயிடும்?"

"இல்லைங்க, அவளுக்கு நேரமாச்சு" என்றாள் அம்மா.

பிறந்து வளர்ந்த வீட்டில், முன்பின் தெரியாத ஒருத்திதான் அவளைச் சாப்பிடச் சொன்னாள். அந்த அம்மாள் நல்லவள். அதுதான் கடுகுக்குத் தாங்கவில்லை.

"கல்யாணம் ஆயிடுச்சா உனக்கு?"

"ஆச்சுங்க."

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"லிஃப்ட் மெக்கானிக்."

வாசற்படியில் அப்பா கால் மாற்றி நின்றார். அண்ணன் அவசரமாக, "ஹாலுக்குப் போகலாமே, சார் தனியா உட்கார்ந்திருக்கார்" என்றான். மேனேஜரின் மனைவி நகர்கிற வழியாக இல்லை. அவளுக்குக் கடுகைப் பிடித்துப் போய்விட்டது.

"எங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் நீதான் வந்து சுடணும், இப்பவே சொல்லிட்டேன். உனக்கு அம்மா அப்பா எல்லாம் இருக்காங்களா?"

அம்மா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கடுகிடம் கெஞ்சியது. காலையிலிருந்து ஒரு தடவைகூட நேருக்கு நேர் பார்க்காத கண். அதில் இப்போது தெரிந்தது பாசம் அல்ல, பயம் என்று கடுகுக்குத் தெளிவாகத் தெரிந்தது. லென்ஸ் எதுவும் தேவைப்படவில்லை.

ஏப்ரனை மடித்து மேடையில் வைத்தாள்.

"இருக்காங்க" என்றாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "ரெண்டு பேரும் வெளிநாட்ல இருக்காங்க. இந்தப் பக்கம் வர்றதே இல்ல."

அம்மாவின் கை முந்தானையை விட்டது. மேனேஜரின் மனைவி, "அடப் பாவமே" என்றாள்.

கடுகு செருப்பை எடுக்கக் குனிந்தாள். அப்போதுதான் அந்தப் பெண், வந்ததிலிருந்து வாயே திறக்காத மேனேஜரின் மகள், பேசினாள்.

"எந்த நாட்ல?"

கேட்டது கடுகிடம்தான். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணனின் முகத்தை. ஒரு தடவை அவன் மூக்கைப் பார்த்தாள். திரும்பி, அதே அச்சில் இருந்த கடுகின் மூக்கைப் பார்த்தாள். பதிலுக்காக அவசரமில்லாமல் காத்திருந்தாள்.